சிவப்புக் கோடு

மல்லாவிக் கந்தோரில்
எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில
சிவப்புக் கோடு விழும்.
பிந்தினால் அரைநாள் லீவு வெட்டு.
மாங்குளம் பஸ்ஸுக்கு அது தெரியாது.

மற்றவையின்ர மனஅழுத்தத்துக்கு
மாதம் நாலு பயிற்சி வைக்கிறம்.
தனுசியா கூட்ட அறைக்குள்ள
கதவைச் சாத்திப்போட்டு அழுதாள்;
அண்டைக்கும் அறிக்கை கேட்டவை,
பயனாளிகள் எத்தனைபேர் எண்டு.

புதுசா வந்த இணைப்பாளர் தவமலர்
முதல் கிழமையே பிந்தினா.
சேறு அப்பின செருப்போட நிண்டு
தன்ர பேருக்குக் கீழ
தானே கோடு கீறினா.
பிறகு நிமிர்ந்து,
"பஸ் எத்தனைக்கு வரும்?" எண்டா.

ஆறு வருசத்தில
ஒருத்தரும் கேட்காத கேள்வி.

இப்ப ஒன்பதுக்குத்தான் கோடு.
தனுசியா இன்னும் அழுறவள்தான்,
கதவைச் சாத்துறேல்லை.
ஆரும் ஒராள் போய்ப் பக்கத்தில இருக்கிறம்.
அறிக்கை ஒருநாள் பிந்தும்.