கைக்கு மட்டும் ஒரு வேடம்

முகம் அபிஷனுடையது.
யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தான், நல்ல பெடியன்.
பதினொரு நாள் சவரம் செய்யாமல்
கண்ணுக்குக் கீழே கரி பூசி
உப்புவெளி விடுதியில் அரைப்பட்டினி கிடந்தானாம்.
ஆனால் லைட்டரைப் பிடித்த விதத்தில்
கேக் மெழுகுதிரி கொளுத்துகிற பிள்ளைதான் தெரிந்தது.

"உங்கட கை வேணும்" என்றார் துவாரகன்.
"கை மட்டும். முகம் வராது, பயப்படாதேங்கோ."

ஆர் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
இந்த ஊரில் மானுக்கும் என்னைத் தெரியும்.
பஸ் நிலையத்துக்குப் பின்னால், விடியப்புறம் மூன்று மணிக்கு,
அவை சோற்றுப் பார்சலைக் கிழிக்க
அதே குப்பைக்குள் நான்
செத்த பல்ப் தேடிய காலம் ஒன்று இருந்தது.
ஒருநாள் ஒரு கொம்பன் நிமிர்ந்து பார்த்துவிட்டு
எனக்கு இடம் விட்டு நகர்ந்தது.

டச்சுக்குடாப் பக்கம் பூட்டிக் கிடந்த வீடு.
பையில் இருந்தது கற்கண்டு.
பிரவீணா உரலில் இடித்ததை என் கண்ணால் பார்த்தேன்,
எறும்புகூட வந்துவிட்டது.
ஆனாலும் "அக்ஷன்" என்றதும்
நாக்கின் அடியில் உப்பு ஊறியது.
பெருவிரல் நடுங்கியது.
பட்டிக்கு வழி தெரிந்த மாடு மாதிரி
கை எனக்கு முன்னே போனது.

"ஐயோ, அருமை" என்றார். "இன்னொருக்கா."

ஆறு தரம்.

கடித உறையில் ஐயாயிரம், ஒரு கோழிப் புரியாணி.
அது என்னுடைய தொண்ணூற்று நாலாம் நாள்.
காசை ரூபாயில் எண்ண
நான் இன்னும் பழகவில்லை.
உட்துறைமுக வீதியில்
கொட்டங்காய் மரத்தடியில் நின்றவன்
"மச்சான், கனகாலம்" என்றான்.
புரியாணியை மானுக்குப் போட்டேன்.
மிச்சத்தை எழுதவில்லை.
தொண்ணூற்று நாலு திரும்ப ஒன்றானது,
அவ்வளவுதான்.

படம் நகரசபை மண்டபத்தில்.
வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பெடியள்,
முன்வரிசையில் அதிகாரிமார், குத்துவிளக்கு.
அபிஷன் நன்றாகத்தான் செத்தான்.
நிலாவெளி மணலில், விடிகிற நேரத்தில்,
அலை காலைத் தொட, வயலின் அழ.

றெஜி செத்தது மலசலகூடத்துக்குள்.
கதவை உடைக்கவேண்டி இருந்தது.
வயலின் இல்லை.
பைப்பை ஒருத்தரும் பூட்டவில்லை,
வாளி நிரம்பி நிரம்பி வழிந்தது.
அவன்ர தங்கச்சி கீழே குந்தி
அவன்ர செருப்பை மட்டும் கழுவினாள்.

ஆனால் அதற்கு முன்னால்,
படம் தொடங்கி இருபது நிமிஷத்தில்,
என் கை வந்துவிட்டது.
ஒவ்வொரு நகமும் ஒரு கதவளவு.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில்
பன்னிரண்டு வயதில்
அப்பாவின் எஞ்சின் கயிறு கிழித்த தழும்பு,
திரை முழுக்க, ஒரு வீதி மாதிரி.
அந்த எஞ்சினைத்தான் பிறகு விற்றேன்.
பதினைந்து குதிரைவலு.
எனக்கு நாலு நாளைக்குக் காணவில்லை.

பக்கத்தில் அம்மா.
அவளுக்கு நான் சொல்லியிருந்தது
"ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கிற வேலை" என்று.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
இருட்டுக்குள் என் கையை எடுத்தாள்.
கோர்த்துப் பிடிக்கவில்லை.
உள்ளங்கையை, மணிக்கட்டை, பெருவிரல் மேட்டை
அழுத்தி அழுத்திப் பார்த்தாள்,
சந்தையில் பாரைமீன் பார்க்கிற மாதிரி,
விரல் எடுத்தபிறகு
பள்ளம் நிரம்புதோ இல்லையோ என்று.
அன்றைக்கு முப்பத்தொன்பதாம் நாள்.
அதை அவளுக்குச் சொல்ல நினைத்தேன்.
முப்பத்தொன்பது என்றால்
தொண்ணூற்று நாலு எங்கே என்பாள்.

விளக்குப் போட்டார்கள்.
துவாரகன் மேடையில் ஏறினார்.
மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது.
பெடியள் விசில் அடித்தாங்கள்.

நானும் எழும்பினேன்.
தட்டத்தான் முடியவில்லை,
ஒரு கை அவளிட்ட இருந்தது.