நிறுவப்பட்ட ஆண்டு

படிவத்தில் நான்கு கட்டங்கள்.
நான்கு இலக்கம் போதும் எனக்கு.

தொண்ணூற்றெட்டு மார்ச், சாகினா நகரம்.
பனியும் கரியும் சேர்ந்து
குழம்பாய்க் கிடந்தது தரை.
கூரை போன கடைக்குள்
மடக்கு நாற்காலி போட்டு
லெடெஸ்மா வீட்டார் மூவர்,
காப்பீட்டுக்காரி என்னைப்
பெண் பார்க்க வந்தவர்கள் போல.

"நாற்பத்தெட்டு," என்றார் மூத்தவர் எவுலாலியா.
பீட்ரூட் பிடுங்க
டெக்சஸிலிருந்து வந்த லாரி
அச்சு முறிந்து நின்றதாம்.
மற்றவர்கள் வேறு லாரி ஏறிப் போனார்கள்.
அம்மா அம்பாரோ நிறைசூலி, ஏறவில்லை.
யாரோ விட்ட கார் கொட்டகையில்
சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து
தோல் கழற்றி, அரைத்து,
டோர்ட்டியா தட்டினாள்.
டஜன் பதினைந்து சென்ட்.
"முதல் நாள் ஏழு டஜன் விற்றது.
எட்டாவதை நாங்களே தின்றுவிட்டோம்."

"அது பிழைப்பு. கடை இல்லை,"
என்றார் ஃபிடென்சியோ.
"ஐம்பத்து மூன்று.
அந்த வருஷம்தான் ரயிலில் மில் வந்தது,
இரண்டு எரிமலைக் கற்களோடு.
பலகையில் சிவப்பில் அப்பா பெயர்.
எழுதியவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டான்.
கூலியில் பிடித்துக்கொண்டோம்."

ஐந்தும் மூன்றும் எழுதிவிட்டேன்.

"அறுபத்தொன்று."
சொன்னவர் நியேவெஸ்.
பெயருக்குப் பனி என்று பொருள்;
அந்தக் கொட்டகையில் பிறந்தவர்.
"அதை எதற்கு இப்போது?" என்றார் அண்ணன்.
அக்கா கையுறையைக் கழற்றினார்,
மறுபடி மாட்டினார்.

"அப்பா கடையை விற்றார்,
ஒரு நீலக் காருக்கு.
அதிலேயே ஏறிப் போய்விட்டார்.
விற்ற கடையில் கூலிக்கு நின்றாள் அம்மா.
இரவில் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தாள்.
மூன்று வருஷம் கழித்துப் பத்திரம் எழுதும்போது
வக்கீல் கணவர் பெயர் கேட்டாராம்.
'அந்த வரியை விட்டுவிடுங்கள்' என்றாளாம்.
பலகையை மட்டும் மாற்றவில்லை.
பெயின்ட் விலை அப்படி."

சரக்குப் பட்டியலுக்குத் திரும்பினேன்.
அடுப்பு, முழு நஷ்டம்.
குளிர்பெட்டி, முழு நஷ்டம்.
மில்லின் இரும்பு வளைந்து தொங்க
கற்கள் இரண்டும் சும்மா இருந்தன.
நெருப்பிலிருந்து வந்தவை,
அவற்றுக்கு இதென்ன புதுசா.
விரல் வைத்துப் பார்த்தேன்,
வரிகள் மழுங்கியிருந்தன.
"கொத்தணும்,"
வாய் தவறித் தமிழில் வந்துவிட்டது.
"என்ன?" என்றார் ஃபிடென்சியோ.
"ஒன்றுமில்லை."
எழுதிக்கொண்டேன்: கல், இரண்டு. சேதமில்லை.

பிறகு ஐந்தையும் மூன்றையும் அடித்தேன்.
அடித்துத் திருத்தினால்
ஓரத்தில் கையெழுத்து வேண்டும்.
நியேவெஸ் பேனாவை வாங்கவில்லை.
அக்கா வாங்கினார்.

வெளியே ஒரு கார் நின்றது.
கண்ணாடியை இறக்கி ஒருவர்,
எரிந்ததைப் பார்த்தும் பார்க்காதது போல,
"சனிக்கிழமைக்குப் பத்து பவுண்டு மாவு கிடைக்குமா?"

"இல்லை," என்றார் எவுலாலியா.
"பார்க்கலாம்," என்றார் ஃபிடென்சியோ.
நியேவெஸ் விலை சொன்னார்.