நாற்பது கால்

தொண்ணூற்று மூன்று, நோன்பு மாதம்.
நைஃப் ரோட்டில் பகலெல்லாம் பாதி ஷட்டர்.
குனிந்து உள்ளே வந்தாள் ரிம்மா,
உல்யனோவ்ஸ்கிலிருந்து, நாலு காலிப் பைகளோடு.
கையில் பட்டியல்:
வீடியோ டெக் பதினொன்று, கார்ட்லெஸ் போன் ஆறு.
கோடு போட்டு அதன் கீழே, விற்பதற்கு:
பைனாகுலர் இரண்டு,
மகன் சால்டர் வைத்த கம்ப்யூட்டர் ஒன்று.

"ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"
கேட்டவர் மிர்ச்சந்தானி சேட்,
'நேஷனால்' என்று அச்சடித்த டேப்ரிக்கார்டர்களுக்கு நடுவில்
கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு.

திறந்தேன்.
இங்கிலீஷ்காரன் ஒரே ஐ.சி.யில் முடித்த வேலையை
இதில் நாற்பத்துச் சொச்சம்
வரிசையாகப் படுத்துக்கொண்டு செய்தன.
எங்கள் அறையில் பன்னிரண்டு பேர், மூன்றடுக்குக் கட்டில்.
சிரிப்பு வந்தது. எதற்கென்று சொல்லவில்லை.

மூளை ஐ.சி. செத்திருந்தது.
என் டப்பாவில் ஜப்பான் சரக்கு ஒன்று கிடந்தது,
அதே வேலை, அதே நாற்பது கால்.
வைத்தால் உட்கார மறுத்தது.
முதல் கால் இறங்கினால்
கடைசிக் கால் குழிக்கு வெளியே நிற்கிறது.
ரிம்மா விரலிடுக்கில் காட்டினாள்:
அவர்களுக்கு மில்லிமீட்டர், மற்றவர்களுக்கு இன்ச்.
ஒரு காலுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம்
தலைமுடியில் பாதி.
இருபதாவது காலில் அதுவே முக்கால் மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
பத்தாகாவில் என் தொழில் தையல்.
ஆறு வருஷமாகிறது.
முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை.

நோஸ் பிளையரால் ஓரக் கால்களை உள்ளே சாய்த்து
அழுத்தினேன். ஒரு முறுக்குச் சத்தம். உட்கார்ந்தது.
டிவியில் வெள்ளைத் திரை, அடியில் லெனின்கிராத்.
அந்தப் பெயரில் இப்போது ஊரே இல்லை,
கையால் காற்றில் அழித்துக் காட்டினாள்.

சேட் கால்குலேட்டரில் தட்டினார்: இருபது திர்ஹம்.
அவள் தட்டினாள்: நூற்றைம்பது.
நாலு முறை கை மாறியது கால்குலேட்டர்.
பிறகு அவள் தராசைப் பார்த்தாள்.
மூன்று கிலோ.
விமானத்தில் மூன்று கிலோ என்றால் போன் இரண்டு.
கம்ப்யூட்டரை என் மேஜைப் பக்கம் தள்ளிவிட்டு
அதன் கேசட்டை மட்டும் கோட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.
விளையாட்டெல்லாம் அதில்தான் இருந்தது.
மகனைப் பற்றிக் கேட்டிருப்பேன்.
எனக்குத் தெரிந்த ரஷ்யன்
'எவ்வளவு', 'கடைசி விலை'.

வியாழன் இரவு சேட் போனபின் போட்டுப் பார்த்தேன்.
அதற்குக் கேசட் வேண்டும்.
என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று,
ஜெயக்கொடி பேசி அனுப்பியது, அறுபது நிமிஷம்.
இயர்போன் ஓட்டையில் வயரைச் செருகினால்
ஸ்பீக்கர் அடைத்துப்போகும்.
அவள் பேசுவது எனக்குக் கேட்காது,
மிஷினுக்கு மட்டும்.

திரையின் ஓரமெல்லாம் சிவப்பும் வெளிர்நீலமும்
கோடு கோடாகத் துடித்தது.
மூச்சு விடும் இடத்தில் ஒரே நிறம்.
கோபத்தில் நெருக்கமாக, பொடிப்பொடியாக.
எனக்கு எல்லாம் மனப்பாடம்:
இதோ மோட்டார் காயில் எரிந்தது, முன்னூற்றைம்பது.
இதோ ரேஷன் கார்டில் என் பெயரை எடுத்துவிட்டார்கள்.
இதோ பேசாமல் இருந்தது.

குக்கர் விசில் அடித்த இடத்தில்
கோடுகள் சீராகி, சமமாகி, நின்று நிதானித்தன.
ஒரு கணம் நீலமும் மஞ்சளும்,
புரியப்போகிறது என்பதுபோல.
நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.
விசில் அடங்கியது. பழையபடி சிவப்பு.

அரை மணியில் ஏ பக்கம் முடிந்து
டக்கென்று பொத்தான் எழும்பியது.
தப்பு என்று திரையில் எதுவும் வரவில்லை.
சிவப்பு. வெளிர்நீலம். சிவப்பு.
அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

திருப்பிப் போட்டேன்.