பழையதே போதும்

பயமோனில் மழை விட்டதும் கரண்ட் போனது.
யமீல் ஜெனரேட்டரை இழுத்து உயிர்ப்பித்துவிட்டு வந்தான்.
மேசையில் ஒப்துலியோவின் எஞ்சின்,
கழற்றிய வரிசையிலேயே,
ஈரச் சாக்கில் பரப்பிய மீன்போலக் கிடக்கிறது.

பிளக்கை எடுத்துவிட்டு
ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டபோதே
காதுக்குத் தெரிந்துவிட்டது.
புஸ், புஸ், –
புஸ், புஸ், –
மூன்று முகம் உள்ள ரோட்டர்
மூன்று முறை மூச்சு விடவேண்டும்.

பிஸ்டன் பழகியவர்கள் கடைக்கு வந்தால்
எதைத் தேடுவதென்று தெரியாமல் நிற்பார்கள்.
வால்வு இல்லை. ராடு இல்லை.
பருத்த முக்கோணம் ஒன்று,
அது சுற்றிவர இடை சிறுத்த கூடு ஒன்று,
முனைக்கு ஒன்றாக மூன்று சீல்,
ஐந்து சென்ட் காசின் தடிமன்.

அதில் ஒன்று உடைந்திருந்தது.
துண்டைத் தேடினோம், இல்லை.
போகிற போக்கில் முன்கூட்டின் குரோமைக் கீறி
புகை வெளியேறும் வாய்வரை
ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.
நகத்தால் தடவினேன்,
நகம் மாட்டியது.
நகம் மாட்டினால் பேச்சே கிடையாது.

பின்கூடு பரவாயில்லை,
ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, வெடிக்கும் இடத்தில் இல்லை.
பக்கத்து இரும்புத் தகட்டில் டயல் முள்
பதினொன்றில் நிற்கிறது. நூறில் பதினொரு பங்கு மில்லிமீட்டர்.
புத்தகம் பத்துவரை பொறுத்துக்கொள்ளும்.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். பதினொன்று.
யமீல் வைத்தான். பதினொன்று.
தேய்த்துச் சமன்செய்யலாம்,
மேல்தோல் போய்விடும், அடுத்த முறை சீக்கிரம் தேயும்.
அடுத்த முறை என்று ஒன்று வரட்டும்.

புதுக்கூடு ஜப்பானிலிருந்து கப்பலில் வர ஆறு வாரம்,
விலையைச் சொன்னால் அவன் உட்கார்ந்துவிடுவான்.
காகுவாஸில் விக்பெர்தோ பழைய கூடு வைத்திருக்கிறான்.
'ஆயிரம் மைல்கூட ஓடாதது.'
அவனிடம் உள்ள எதுவுமே
ஆயிரம் மைல் ஓடியதில்லை.

கடைசியாக ஸ்பிரிங்குகள்.
இரண்டு விரலில் அழுத்தினேன்.
அமுங்கியது, எழுந்திருக்க யோசித்தது.
யாருடைய வேலை இது என்று
வாய்வரை வந்துவிட்டது.

அலமாரியில் அந்த ஆண்டின் நோட்டு.
எண்ணெய் விரல் பதிந்த பக்கம்.
'ஒப்துலியோ. சீல் புதிது. ஸ்பிரிங்: பழையதே போதும்.'
என் கையெழுத்து.
அடிக்கோடு வேறு.

ஞாபகம் இருக்கிறது.
'ஏதாவது குறைத்துப் போடேன்' என்று
ரொட்டி வேன் ஓட்டிய கையோடு வந்து நின்றான்.
எழுபது டாலர் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்.
அன்று மாலை முழுக்க
என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

சீல் உடைய நூறு காரணம் உண்டு:
மட்டமான பெட்ரோல், முந்திக்கொண்ட தீப்பொறி,
சலினாஸ் பந்தயத் தளத்தில் பச்சை விளக்கு விழும்போது
ஒப்துலியோவின் வலது கால்.
நூற்றியொன்றாவதாக
இந்த அடிக்கோடு.

தினமும் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவான்.
வணக்கம்கூடக் கிடையாது.
'தேறுமா?'

பின்கூடு தேறும். தகடு தேய்த்தால் தேறும்.
முன்கூடு தேறாது.
சீல் எல்லாம் புதிது, ஸ்பிரிங் எல்லாம் புதிது.

'ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்றாயே, அப்போது?'

என்றேன்.

அந்தப்பக்கம் வேன் கதவு இழுபடும் சத்தம்,
யாரோ ரொட்டி எண்ணுகிற சத்தம்.
'சரி மிக்தாலியா, நீயே பார்த்துச் செய்' என்றான்.
திட்டியிருக்கலாம்.

கரண்ட் வந்துவிட்டது,
ஜெனரேட்டரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.
புதுப்பக்கம் திருப்பிக் கணக்கு எழுதினேன்.
முன்கூட்டின் விலையில் பாதியை என் பெயரில் போட்டேன்.
அழித்தேன்.
முழுவதையும் போட்டேன்,
பென்சிலால்.