சுணை

யதுகுலன் ஸ்காபரோவிலிருந்து அனுப்பிய பார்சலில்
மூன்று சோடி சொக்ஸ், உருகி ஒட்டிப்போன சொக்லேட்,
வெள்ளை மூடிப் போத்தல் ஒன்று.
"அக்கா, ஃபோனில உங்கட குரல் தட்டையாக் கிடக்கு.
இது மூளையில டோபமினைக் கூட்டுமாம். இயற்கைதான்.
காலமை ஒண்டு."

நான் இரண்டாய் விழுங்கினேன்.
ஒன்றில் கேட்காதது இரண்டில் கேட்கும்
என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது.

ஐந்தாம் நாள் விடிய மூன்று மணிக்கு
சட்டி பானையெல்லாம் சாம்பல் போட்டு மினுக்கினேன்.
ஆறாம் நாள் மாங்குளத்துக்குக் கிழக்கே
என் ஒரு மீற்றர் ஒழுங்கையில் முழந்தாளில்.
கருவி கத்தியது.

அது கத்தும்போதெல்லாம் எனக்குள் ஒன்று எழும்பும்.
பயம் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
பயமில்லை.
கச்சான் கோதை உடைக்கிற நேரம் வருமே,
உள்ளே இரண்டா மூன்றா என்று, அது.
பெரும்பாலும் ஆணி. மீன்ரின் மூடி.
ஒருக்கால் பள்ளிக்கூடக் கொம்பாஸ், கூர் மழுங்காமல்.
ஆணியென்று கண்டதும் அது படுத்துவிடும்.

அன்று படுக்கவேயில்லை.
ஆணியை வாளியில் போட்ட பிறகும்
விரல் அடுத்ததைக் கேட்டது.
குத்தூசியைக் கொஞ்சம் வேகமாய்ச் செருகினேன் போல.
பின்னால் விசில்.
"சுபாஜினி, எழும்பு. மெதுவா."

அம்புலன்ஸ் நிழலில் கஜரூபன் நாடி பிடித்தான்,
லேபிளை வாசித்தான், சிரிப்பை அடக்கினான்.
"அக்கா, இது பூனைக்காலி.
நடுக்க வருத்தக்காரருக்குக் குடுக்கிற மருந்து
இந்தக் கொட்டைக்குள்ளயே கிடக்கு.
ஒரு குளிசையில எவ்வளவெண்டு
போத்தலுக்கும் தெரியாது."

பூனைக்காலி.
திங்கள் முழுக்க நான் கத்தரித்த கொடி.
மண்டையோட்டுப் பலகையில் ஏறி
'மிதி'யை மூடி
'வெடி'யை மட்டும் விட்டுவைத்திருந்தது.
அதன் சுணை பட்டு முழங்கை இன்னும் தடித்திருக்கிறது,
சாணி பூசியும் அடங்கவில்லை.
தம்பி அதற்கு நாற்பது டொலர் கட்டியிருக்கிறான்.

ஞாயிறு எடுத்தான்.
நல்லா வேலை செய்யுது என்றேன்.
"ஓம், குரலிலேயே தெரியுது" என்றான்.
நாலு நாளாய் நான் அதைத் தொடவில்லை.

இடைவேளை பத்து நிமிடம் முடிந்தது.
முகக்கவசத்தை இறக்கி
கருவியை மண்ணுக்கு மேல் நீட்டுகிறேன்.
இன்னும் சத்தம் வரவில்லை.
அதற்குள்ளேயே
எழும்பிவிட்டது.