அலகு

பத்தாம் வகுப்பில் அரை மதிப்பெண் போனது எனக்கு.
விடை சரிதான். இருபது.
பக்கத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள்:
இருபது என்ன, மாடா மாம்பழமா?

இப்போது எனக்கு வேலை
தேனூர்ப் பக்கம், வைகையின் குறுக்கே
கயிறு கட்டிய இடத்தில் நின்று
தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று எழுதுவது.
கார்த்திகைக் கடைசியில் தண்ணீர் நின்றது.
நான் நிற்கவில்லை.
முதல் நாள் வெறும் சுழியம் போட்டு அனுப்பினேன்,
படிவம் திரும்பி வந்தது.
உதவிப் பொறியாளர் இருதயமேரி
கட்டத்தைச் சுற்றி வட்டமிட்டிருந்தார்:
அலகு எங்கே?

அதன்பின் தினமும்
நொடிக்குச் சுழியம் மீட்டர்.
ஒன்றுமில்லை என்றாலும்
எதில் ஒன்றுமில்லை என்று
சொல்ல வேண்டியிருக்கிறது அரசாங்கத்துக்கு.

காலை ஏழு தாண்டி
அக்கரைத் தோப்புக்குப் பின்னால்
வைகை போகும், எக்ஸ்பிரஸ்.
மணிக்குத் தொண்ணூறு என்று வைத்துக்கொண்டால்
ஐந்தால் பெருக்கி, பதினெட்டால் வகுத்து,
நொடிக்கு இருபத்தைந்து மீட்டர்.
ஆனால் அது வடக்கே போகிறது.
ஆற்றின் கணக்கில் அதற்குக் கழித்தல் குறி.
வேகம் வேறு, திசைவேகம் வேறு
என்று படித்ததெல்லாம்
மணலில் நிற்கும்போதுதான் விளங்கியது:
நகராவிட்டாலும் இந்த ஆறு
கிழக்கே பார்த்துத்தான் கிடக்கிறது.

மிச்சமிருந்த ஒரு குட்டையில்
ஒரு கொக்கு,
அதற்கு மட்டும் அலகு இருந்தது.
பங்குனியில் குட்டையும் போனது, கொக்கும் போனது.
நூற்று இருபத்தெட்டு சுழியம்.

சித்திரையில் அணை திறந்தார்கள்.
வினாடிக்கு எழுநூற்றைம்பது கன அடி என்றது பேப்பர்.
முப்பத்தைந்து புள்ளி மூன்றால் வகுத்து
இருபத்தொரு கன மீட்டர் என்று குறித்துவைத்தேன்.
லஸ்கர் ஒச்சப்பன் போனில் சொன்னார்:
"பேரணையில முழங்காலுக்கு வருது சார்."
மூன்றும் ஒரே தண்ணீர்.

வந்தது.
முதலில் நுரையும் டீக் கப்பும் செருப்பும்,
நடக்கிற பிள்ளையை விட மெதுவாக,
குழி கண்ட இடமெல்லாம் நின்று நிரப்பி நிரப்பி.
விடிந்தபோது கரை தொட்டுவிட்டது.

சுழலும் மீட்டரை எடுத்தால்
நான்கு மாதத் துருவில் சுழல மறுத்தது.
ஒச்சப்பன் மடியிலிருந்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.
மேல்கயிற்றில் போட்டேன்.
பத்து மீட்டர், இருபது நொடி.
மேற்பரப்பு எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்,
அதனால் புள்ளி எட்டு ஐந்தால் பெருக்கு.
பெருக்கினேன்.
பழம் கீழ்க்கயிற்றையும் தாண்டி
மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான்காம் நாள் படிவம் திரும்பி வந்தது.
0.425
அதைச் சுற்றி வட்டம்.
பக்கத்துக் கட்டத்தில், அவரே,
சிவப்பு மையில் எழுதியிருந்தார்:
மீட்டர். நொடிக்கு.