துணைக்கால்

கும்பாபிஷேக மலருக்கு
எட்டுத் தலைமுறை வேண்டுமாம்.
ஆறுவரை சொல்லிவிட்டு
போனில் இருமினார் சின்னய்யன்.
"பழைய கையெழுத்து நீதான் படிப்பே.
ஒரெட்டு பொள்ளாச்சி போயிட்டு வந்துரு கண்ணு.
நாமதான் ஆதிக்குடின்னு கண்டிப்பா எழுதியிருக்கும்."

நெகமத்தில் இருபத்தோரு வருஷமாகப்
பத்திரம் எழுதுகிறவள் நான்.
மூலப்பத்திரம் எங்கே என்று
ஊரையெல்லாம் கேட்டவள்
என் வீட்டை ஒருநாளும் கேட்டதில்லை.

ஆவண அறையில் பாச்சை உருண்டை வாசம்.
முதுகு பிரிந்த பதிவேட்டை
இரண்டு கையாலும் ஏந்திவந்தாள் ஜெசிந்தா.
"மேல் மூலையப் புடிச்சுத் திருப்புங்க்கா,
எச்சில் தொட்டுறாதீங்க."

பசலி ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.
இருந்தார் குப்பியண்ணன்.
தகப்பன் பெயர் சரி. தம்பி பெயர் சரி.
குறிப்பில் எறும்பு எழுத்தில் நான்கு வரி:
தாது வருஷப் பஞ்சத்தில்
காங்கயம் சீமையிலிருந்து வந்த புறக்குடி.
காடு வெட்டித் திருத்த ஐந்து வருஷக் கவுல்.
எருது ஒன்று.

ஆதிக்குடி இல்லை, புறக்குடி.
சிரிப்புத்தான் வந்தது முதலில்,
வழவழத் தாளில் அச்சாகப்போகும்
சின்னய்யன் முகத்தை நினைத்து.
பிறகு அந்த எருது.
ஒற்றை எருது.
நுகத்தின் மறுபக்கம் யார் கழுத்து என்று
எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.
அவர் பெண்டாட்டி பெயருக்கும்தான்.

அதன்கீழ் நிலத்தின் பெயர்.
பாதிமேடு என்போம் நாங்கள்.
பாகம் பிரித்தபோது பாதியானது என்பார் அப்பா.
இல்லை, பாதியை ஓடை தின்றது என்பார் சின்னய்யன்.
ஒரு தீபாவளி முழுக்க இதற்காகப்
பேசாமல் இருந்தார்கள்.

ஏட்டில் பதிமேடு.

இன்னொரு தரம் படித்தேன்.
மை மங்கவில்லை, பூச்சி அரிக்கவில்லை.
துணைக்கால் அங்கே இருந்ததே இல்லை.

முந்தைய பக்கம் புரட்டினேன்.
அதே மேடு, பழைய அளவையிலிருந்து எடுத்தெழுதியது:
மலசர் பதி. குடிசை ஏழு. புளி இரண்டு.
மேலே சிவப்பு மையில் ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே, தரிசு.
பெயர் ஒன்றுகூட இல்லை,
ஏழு என்ற எண்தான்.
அடித்தவர் கையெழுத்தும் ஓரத்தில் இல்லை.

இரண்டு புளியில் ஒன்று இன்னும் நிற்கிறது.
அடியில் எங்கள் மோட்டார் ரூம்.
தென்னைக்குக் களையெடுக்க
ஆனைமலைப் பக்கமிருந்து வேனில் வரும் வெள்ளச்சி
மத்தியானச் சோற்றை
அங்கே போய்த்தான் பிரிப்பாள்.
வேம்படியில் நிழல் கூட என்று
எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன் அவளிடம்.

ஒரு எழுத்துக்குக் கால் முளைக்க
எத்தனை வருஷம் ஆகும்?
எங்கள் வாயில்தான் முளைத்திருக்கும்.
பஞ்சத்தில் நடந்து வெடித்த கால்,
மேட்டில் ஏறி நின்ற கால்.
இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறேன்.
ஒரே ஆளுடையது.

வில்லங்கம் ஏதுமில்லை என்று
ஆயிரம் பத்திரத்தில் எழுதிய கை இது.
அந்த மேட்டுக்கே இரண்டு தரம்.

நகல் மனுவில் இரண்டு பக்கமும் கேட்டேன்.
"ரெண்டாவது உங்க குடும்பத்துது இல்லீங்களேக்கா?"
"இல்லைதான்."
"அப்ப உறவுமுறைங்கற எடத்துல என்ன போடுவீங்க?"

வாரிசு என்று எழுதி, அடித்தேன்.
அனுபவதாரர் என்று எழுதினேன்.
பைக்குள் போன் அதிர்ந்தது, சின்னய்யன்.
நின்றது. மறுபடி அதிர்ந்தது.

மனுவை என் பக்கமே தள்ளினாள் ஜெசிந்தா,
விரலால் ஓரத்தைத் தொட்டுக் காட்டி.
"அடிச்ச எடத்துக்குப் பக்கத்துல
கையெழுத்துப் போடோணுங்க்கா.
இல்லீன்னா செல்லாது."